ஜிப்சம் ஈரமாக வருகிறதா? அப்சார்பரையும் பாருங்கள்

மத்திய இந்தியாவில் ஓர் அனல்மின் நிலையத்தின் எஃப்ஜிடி (புகையிலிருந்து சல்பரை நீக்கும்) பிரிவில் வேலை பார்த்தபோது நடந்தது இது. அப்சார்பர் என்ற கோபுரத்தில் புகையிலுள்ள சல்பர் டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் ஸ்லரி (நீர்க்குழம்பு) பிடித்துக்கொள்ள, 64 கிலோ வாயுவுக்கு 172 கிலோ ஜிப்சம் உருவாகும். விற்காவிட்டால் வளாகத்தில் மலையாகக் குவிந்துவிடும்.

ஒரு கட்டத்தில் ஸ்லரியின் தண்ணீரை வேக்யூமால் உறிஞ்சும் பெல்ட் ஃபில்டரிலிருந்து விழுந்த கேக் (ஜிப்சம் படிவு) சொதசொதவென்று இருந்தது. ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டிவிட்டது. ஹாப்பரில் ஒட்டிக்கொள்கிறது என்று சிமெண்ட் ஆலைக்காரர்கள் லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பராமரிப்புக் குழு ஃபில்டர் துணியை மாற்றியது, வேக்யூம் பம்பைப் பிரித்துப் பார்த்தது, பெல்ட் வேகத்தைக் குறைத்தது. கேக் காயவே இல்லை.

வழி காட்டியவர் லேபில் இருந்த மூத்த கெமிஸ்ட். ஸ்லரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நல்ல ஜிப்சம் படிகம் சர்க்கரைப் பருக்கை போலத் தடித்திருக்கும், இடுக்குகள் வழியே தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். எங்கள் சாம்பிளில் மெல்லிய தகடுகள் நிறைய கிடந்தன. கால்சியம் சல்ஃபைட்! துணிமேல் படுத்து அடைத்துக்கொண்டு தண்ணீரை விடவே விடாது. அயோடின் டைட்ரேஷனும் அதையே காட்டியது.

சல்ஃபைட்டை ஜிப்சமாக மாற்றுவது அப்சார்பர் தொட்டிக்குள் ஊதும் காற்று. அந்தக் குழாய்களில் சில அடைத்துப்போயிருந்தன. அடுத்த ஷட்டவுனில் சுத்தம் செய்தார்கள். அப்புறம் அதே ஃபில்டரில் கையில் பிடித்தால் உதிரும் கேக் வந்தது. அன்று அந்த மனிதர்மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

கேக்கைக் கழுவும் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம் என்றும் அப்போது ஒரு பேச்சு வந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். நிலக்கரியிலிருந்து வரும் குளோரைடு ஸ்லரியில் கரைந்தே இருக்கிறது, கழுவினால்தான் போகும். சிமெண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஜிப்சம் போர்டு செய்பவர்கள் பொதுவாக 100 பிபிஎம்முக்குள் கேட்பார்கள், இல்லையென்றால் போர்டில் காகிதம் சரியாக ஒட்டாது. நல்ல விலைக்கு வாங்குகிறவர்களை இழந்து தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதன் பிறகு சல்ஃபைட் அளவை ஷிப்ட் பதிவேட்டில் ஈரத்துக்குப் பக்கத்திலேயே எழுத ஏற்பாடு செய்தோம். புகையின் சாம்பலை மின்புலத்தால் பிடிக்கும் ஈஎஸ்பியிலிருந்து தப்பி வரும் நுண்சாம்பலும் இதேபோல் துணியை அடைக்கும். அதைச் சமாளித்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.