புரோட்டீன் கடைக்கு இன்ஸ்டாகிராம் படங்கள்: லைக் வருது, விசாரணை வரல (கடலூர்)

மஞ்சக்குப்பம் கடை:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் புரோட்டீன் பவுடர், கிரியாட்டின், ஷேக்கர் விற்கிற சின்ன கடை எங்களுடையது. அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வரும் கபடி, வாலிபால் பசங்க, போலீஸ் உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவங்க, சுற்றியுள்ள ஜிம்காரங்க வாங்குறாங்க. இன்ஸ்டாகிராமில் வாரம் ஐந்தாறு படம் போடுறோம். கம்பெனி அனுப்பும் போஸ்டர், டப்பா படம், ஜிம் பசங்க உடம்பு காட்டி நிற்கும் படம், இவ்வளவுதான். உடம்புப் படத்துக்குத்தான் லைக் அதிகம். ஆனா அதைப் பார்த்துட்டு யாரும் கடைக்கு வரல.

"மூணு மாசத்துக்கு முன்னாடி, இப்போ" என்று இரண்டு படம் சேர்த்துப் போடலாமா? படத்தின் அளவு எப்படி இருக்கணும்? காசு கொடுத்து விளம்பரம் பண்ணினா எங்கிருந்து எங்கே வரை காட்டணும்? கடைக்காரங்க, படம் எடுக்கிறவங்க, கோச் யாராவது இருந்தா விவரமா சொல்லுங்க.

லாஸ்பேட்டை ஒளிப்படம்:

கம்பெனி போஸ்டரை முதலில் நிறுத்துங்க அண்ணா. அதே போஸ்டரை ஊரில் எல்லாக் கடையும் போடுது. பார்க்கிறவருக்கு அது உங்க கடைன்னே தெரியாது. உடம்புப் படத்துக்கு லைக் போடுறவர் அந்தப் பையனைப் பாராட்டிட்டுப் போயிடுவார். உங்ககிட்ட கேட்கிறதுக்கு அதில் ஒண்ணுமில்லை. வாங்கப் போறவர் மனசில் இருக்கிறது வேற: இது அசலா, ஒரு டப்பா எத்தனை நாள் வரும், பாலில் கலக்கலாமா தண்ணியிலா, எனக்கு இது தேவையா. ஒரு படம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். அதுதான் பகிரப்படும், சேமிக்கப்படும். லைக் எண்ணிக்கையை விட்டுட்டு இன்சைட்ஸில் (இன்ஸ்டாகிராம் காட்டுற பதிவுப் புள்ளிவிவரம்) அந்த இரண்டு எண்ணையும் பாருங்க.

அளவு: சாதாரணப் பதிவுக்கு 1080 x 1350 பிக்சல், அதாவது 4:5. 2025 தொடக்கத்திலிருந்து புரொஃபைல் பக்கத்தில் சின்னப் படங்கள் சதுரமா இல்லாம 3:4 கணக்கில் தெரியுது. அதனால 4:5 படம் அங்கே இடது வலது இரண்டு பக்கமும் 34 பிக்சல் அளவுக்கு வெட்டுப்படும். ஓரத்தில் 60 பிக்சல் காலியா விட்டு எழுத்தை வைங்க. ரீல்ஸ் 1080 x 1920. அதோட அட்டைப் படத்தில் மேலே 240, கீழே 240 போய் நடுப்பகுதி மட்டும்தான் புரொஃபைலில் தெரியும். விலையையும் கடைப் பெயரையும் உச்சியில் எழுதினா காணாமப் போயிடும். பல படங்களை வரிசையா போடும்போது முதல் படத்தின் விகிதம்தான் எல்லாத்துக்கும். முதலாவது சதுரமா இருந்தா பின்னாடி வருகிற நீளப் படம் எல்லாம் தலை வெட்டுப்படும்.

டப்பா படம் கெடுவதற்கு முக்கியக் காரணம் பளபளப்பு. பிளாஸ்டிக் டப்பா வளைவா இருக்கிறதால கடை ட்யூப்லைட் அப்படியே வெள்ளைக் கோடா விழும். ட்யூப்லைட்டை அணைச்சிடுங்க. ஜன்னல் வெளிச்சமும் ட்யூப்லைட்டும் கலந்தா ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம்னு நிறம் பிரிஞ்சுடும், பிறகு செயலியில் சரிபண்றது கஷ்டம். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டு, மேட் சார்ட் பேப்பரை சுவரிலிருந்து மேஜை வரை மடிப்பு விழாம வளைச்சு ஒட்டுங்க. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் ஒண்ணு நிறுத்துங்க, நிழல் மென்மையாகும். டப்பா ஓரம் பின்னணியோட கரைஞ்சு போனா தெர்மாகோலுக்குப் பதிலா கருப்புச் சார்ட். போனை ஒட்டி வைச்சு எடுத்தா டப்பாவின் வாய் உப்பித் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நின்னு 2x வைச்சு எடுங்க. லேபிள் மேல விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிட்டு, கொஞ்சம் இருட்டாக்குங்க. வெள்ளை எழுத்து வெளுத்துப் போகாது.

வெளியே எடுக்கணும்னா, நம்ம கடற்கரை கிழக்கே பார்த்தது. தேவனாம்பட்டினம் ஆகட்டும், இங்கே புதுச்சேரி பீச் ரோடு ஆகட்டும், விடிஞ்ச முதல் ஒரு மணி நேரத்தில் ஆள் கடலைப் பார்த்து நிக்கணும், நீங்க கடலுக்கு முதுகு காட்டி எடுக்கணும். முகத்தில் வெளிச்சம் நேரா விழும். சாயங்காலம் போனா சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கிடும், கட்டட நிழலில் எல்லாம் சாம்பல் நிறமா வரும். ஏசி அறையிலிருந்து போனை எடுத்துட்டுப் போனா லென்ஸில் ஈரம் படியும், பத்து நிமிஷம் விட்டுத் துடைச்சிட்டு எடுங்க.

தமிழ் எழுத்தை யூனிகோடு எழுத்துருவில் போடுங்க, கனமான வகை. 1080 அகலப் படத்தில் 40 பிக்சலுக்குக் கீழே போனா "ணை", "ழு" எல்லாம் அப்பிக்கிடும். ஒரு படத்தில் எட்டுப் பத்து வார்த்தை போதும். இன்னொண்ணு, சினிமாப் பாட்டு வைச்ச ரீல்ஸை பூஸ்ட் பண்ண (காசு கொடுத்து விளம்பரமாக்க) போனா மறுக்கப்படும். வணிகக் கணக்குக்கு இன்ஸ்டாகிராமே தருகிற இசைத் தொகுப்பிலிருந்து எடுங்க, இல்லைன்னா உங்க குரலில் பேசுங்க. குரல்தான் என் தேர்வு. கடைக்காரர் பேசினா நம்பிக்கை வரும்.

உப்பளம் கோச்:

மேலே தம்பி சொன்ன "எனக்கு இது தேவையா" என்கிற கேள்விதான் உங்கள் சிறந்த பதிவாக ஆக வேண்டும். நேர்மையாகப் பதில் சொன்னால் விற்பனை குறையும் என்று பயப்பட வேண்டாம். ஒரு ஸ்கூப் போதும் என்று சொல்லும் கடையைத்தான் பெற்றோர் நம்புவார்கள்.

சாதாரண மனிதருக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் ஒரு நாள் புரோட்டீன் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்கு விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் பொதுவாகச் சொல்வது 1.4 முதல் 2 கிராம். 70 கிலோ கபடி வீரருக்கு 1.6 என்று வைத்தால் 112 கிராம். இப்போது தட்டைக் கணக்கிடுங்கள். ஒரு நாளைக்கு அரிசி 300 கிராம் (சமைக்கும் முன்), அதில் புரோட்டீன் 21 கிராம், பருப்பு 50 கிராம் 11, பால் அரை லிட்டர் 16, முட்டை மூன்று 18, மீன் 100 கிராம் 19, வேர்க்கடலை 30 கிராம் 7, சுண்டலுக்கு ஊறவைக்கும் கொண்டைக்கடலை 50 கிராம் 10. மொத்தம் 102. குறைவது பத்தே கிராம், அரை ஸ்கூப். காலையில் இரண்டு இட்லியோடு ஓடிவிட்டு, முட்டையும் மீனும் தொடாத பையனுக்குத்தான் ஒரு முழு ஸ்கூப் பொருள் தரும். இதை ஒவ்வொரு உணவுக்கும் ஒரு படமாக, எவர்சில்வர் தட்டில் வைத்து, பக்கத்தில் எண்ணைப் போட்டு வரிசையாக வெளியிடுங்கள். கடைசிப் படத்தில் மட்டும் ஸ்கூப். ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடம்பு ஏற்றுவதற்காக புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு வரும் வாடிக்கையாளருக்கும் இந்தத் தட்டுப் படம்தான் பதில்.

இரண்டாவது, டப்பாவின் முன்பக்கத்தைக் காட்டாமல் பின்பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் புரோட்டீன் 24 கிராம் என்றால் 73 சதவீதம். வே புரோட்டீனில் (பாலிலிருந்து பிரித்தெடுப்பது) கான்சன்ட்ரேட் வகை பொதுவாக 70 முதல் 80 வரை இருக்கும், கூடுதலாகச் சுத்திகரித்த ஐசோலேட் வகை 90-ஐ ஒட்டி இருக்கும், அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவருக்கு இந்த வேறுபாட்டை ஒரே படத்தில் காட்டலாம். விலையையும் கிராமுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு கிலோ 2,400 ரூபாய் என்று வைத்தால் அதில் புரோட்டீன் ஏறக்குறைய 727 கிராம், கிராமுக்கு 3 ரூபாய் 30 காசு. 7 ரூபாய் முட்டையில் 6 கிராம், கிராமுக்கு 1 ரூபாய் 17 காசு. முட்டை மலிவு என்று நீங்களே சொல்லுங்கள். பயணத்தில், பயிற்சி முடிந்த உடனே, சமைக்க வழியில்லாத விடுதியில் பவுடர் வசதி என்பதையும் சொல்லுங்கள். இரண்டும் உண்மை.

மலிவுப் பவுடரில் நடக்கும் ஏமாற்று ஒன்று உண்டு. ஆய்வகம் வழக்கமாக அளப்பது நைட்ரஜனைத்தான், அதிலிருந்து புரோட்டீனைக் கணக்கிடுகிறது. கிளைசின், டாரின் போன்ற விலை குறைந்த அமினோ அமிலங்களைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், காகிதத்தில் புரோட்டீனும் ஏறும், தசைக்குப் பயன் ஏறாது. மூலப்பொருள் பட்டியலில் இவை தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வே புரோட்டீனில், தசை வளர உதவும் லியூசின் என்ற அமினோ அமிலம் பத்தில் ஒரு பங்கு இருக்கும், ஆகவே 24 கிராமுக்கு இரண்டரை கிராம் அளவில் லேபிளில் இருக்க வேண்டும். லியூசின் எண்ணே போடாத டப்பாவைக் காட்டி, இது ஏன் கவனிக்க வேண்டியது என்று ஒரு ரீல்ஸ் போடுங்கள்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையதே. பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களில் மெத்தில்ஹெக்ஸனமின் போன்ற தடைசெய்யப்பட்ட ஊக்கப் பொருட்கள் கலந்து வந்து உலகம் முழுக்கப் பலர் தடை வாங்கியிருக்கிறார்கள். மாநிலப் போட்டி, தேசியப் போட்டிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு பேட்ச்சும் மூன்றாம் தரப்பில் சோதிக்கப்பட்ட பொருளை மட்டும் கொடுங்கள். விற்கும்போதே பேட்ச் எண்ணைப் படம் எடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று கடையில் எழுதியே வையுங்கள்.

முதுநகர் வரிக்கணக்கு:

"மூணு மாசத்துக்கு முன்னாடி, இப்போ" படம் வேண்டாம். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பரத்தில் அந்த மாதிரி ஜோடிப் படம் நிராகரிக்கப்படும், திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டால் கணக்கே முடங்கும். அது மட்டுமல்ல, அப்படிப் படம் போடுவது இந்தப் பவுடரால்தான் இந்த உடம்பு என்று உறுதி கூறுவதற்குச் சமம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 53-ஆம் பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும், மூட்டுவலி போகும் என்று கேப்ஷனில் ஒரு வரி எழுதினாலும் சிக்கல்தான். சாப்பாட்டுக்குப் பதிலாக இது போதும் என்றும் எழுதக் கூடாது.

ஜிம் பையனுக்கு இலவச டப்பா கொடுத்து ரீல்ஸ் போடச் சொன்னால், காசு கைமாறாவிட்டாலும் அது விளம்பரம்தான். "விளம்பரம்" என்ற சொல் கேப்ஷனின் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழானவரை வைத்து எடுக்கவே வேண்டாம், விளம்பரத்தின் வயது வரம்பையும் 18-க்கு மேல் என்று வையுங்கள்.

புரொஃபைலில் உங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க உரிம எண்ணைப் போடுங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று போடுங்கள். அந்த எண்ணை ஆணையத்தின் உரிமத் தளமான ஃபாஸ்காஸில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், எப்படிப் பார்ப்பது என்று திரைப்பதிவாகக் காட்டினால் "அசலா" என்ற கேள்வி பாதி குறையும்.

மஞ்சக்குப்பம் கடை:

ரொம்ப நன்றி. ஜோடிப் படம் இனி இல்லை. தட்டுப் படத்தை இந்த வாரமே எடுக்கிறோம். இரண்டு விஷயம் மட்டும்: புதுச்சேரியிலிருந்தும் கேட்கிறாங்க, கூரியரில் அனுப்பலாமா? மழைக்காலத்தில் "பவுடர் கட்டியாயிடுச்சு, போலியா" என்று டப்பாவைத் திருப்பிக் கொண்டு வர்றாங்க, அதுக்கு என்ன பதிவு போடுறது?

முதுநகர் வரிக்கணக்கு:

நமக்குப் பக்கத்து ஊர், சட்டத்துக்கு வேறு பிரதேசம். கடலூரிலிருந்து புதுச்சேரி முகவரிக்குப் பொருள் அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்தால் இப்படி அனுப்பவே முடியாது, வழக்கமான பதிவுக்கு மாறிய பிறகே அனுப்ப வேண்டும். அவர் கடைக்கு வந்து வாங்கிச் சென்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பில்லில் அவருடைய புதுச்சேரி முகவரியைப் பதிந்தால் அதுவும் வெளிமாநில விற்பனையாகிவிடும்.

லாஸ்பேட்டை ஒளிப்படம்:

விளம்பரத்தில் இடம் தேர்வு பண்ணும்போதும் இதே கதைதான். "தமிழ்நாடு"ன்னு வைச்சா புதுச்சேரி வராது. அதனால வரைபடத்தில் உங்க கடை மேல ஊசியைக் குத்தி 25 கிலோமீட்டர் ஆரம் வைங்க, புதுச்சேரி உள்ளே வந்துடும், பண்ருட்டியும் கிட்டத்தட்ட விளிம்பில் வரும். ஜிஎஸ்டி வேலை முடியும் வரை இடத் தேர்வில் புதுச்சேரியை விலக்கி வைங்க. வாட்ஸ்அப்புக்கு அழைக்கும் வகை விளம்பரம், ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஏழு நாள். அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். நடுவில் தொடாதீங்க, தினம் மாத்தினா கணினி கற்றுக்கிட்டதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே எழுதின செய்தியை வேற வேறயா வைங்க. தட்டுப் படத்துக்கு "தட்டுக் கணக்கு பார்த்தேன்", லேபிள் படத்துக்கு "லேபிள் பார்த்தேன்". எந்தப் படம் ஆளைக் கூட்டிட்டு வந்ததுன்னு அந்த முதல் வரியிலேயே தெரியும். லைக் குறைவா இருக்கிற படம் அதில் முன்னாடி வந்தா அதையே மறுபடி எடுங்க.

உப்பளம் கோச்:

கட்டி பற்றி: கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கூடும். பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான், கட்டியானது மட்டுமே போலிக்கு அடையாளம் ஆகாது. விரலால் நசுக்கினால் உதிர்ந்து, வாசனையும் நிறமும் மாறாமல் இருந்தால் ஈரம்தான் காரணம். கல்லாக இறுகியிருந்தாலோ, புளித்த வாடையோ பூஞ்சைப் புள்ளியோ இருந்தாலோ சாப்பிட வேண்டாம், கடைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முப்பது விநாடி ரீல்ஸ் எடுங்கள். அதிலேயே மூன்று பழக்கத்தைக் காட்டுங்கள்: ஈர ஸ்கூப்பை உள்ளே விடாதது, சிலிக்கா பொட்டலத்தை எறியாதது, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்து வியர்க்க விடாதது. ஐந்து கிலோ டப்பாவை ஒரே ஆள் வாங்க வந்தால் மழைக்காலத்தில் ஒரு கிலோவே போதும் என்று சொல்லிக் கொடுங்கள்.

கலக்கும் முறையையும் அதில் சேர்க்கலாம். முதலில் 200 முதல் 250 மி.லி. தண்ணீர், பிறகு பவுடர். பவுடரை அடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மூலையில் ஒட்டிக்கொண்டு அதுவும் கட்டி என்று புகாராக வரும். கொதிக்கும் பாலில் போட்டால் புரோட்டீன் திரிந்து திப்பி திப்பியாகும், வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம்.