சாஹனுக்குச் சுடுசோறா, பழைய சோறா?

ஒசாகாவாசி:
சாஹன், அதாவது ஜப்பான் ஃப்ரைட் ரைஸ், செய்து கட்டி கட்டியாக வந்துவிட்டது என்று ஒருவர் புலம்பியிருந்தார். முந்தின நாள் சோற்றை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே சட்டியில் போட்டாராம். தப்பு அங்கேதான். ஜப்பான் அரிசி குட்டை ரகம், அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, அதனால் ஒட்டும். குளிரில் செங்கல்லாய் இறுகிவிடும். குத்தி உடைத்தால் பருக்கையும் சேர்ந்து உடையும். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைத்த சுடுசோறுதான் சாஹனுக்குச் சரி.

மதுரைச்சட்டி:
அட போங்க சார். சாஹனே சீனாவுலேர்ந்து போனதுதானே? அங்க பழைய சோத்துலதான் பண்றாங்க. சுடுசோத்தப் போட்டா பொங்கல்தான் வரும்.

ஒசாகாவாசி:
பெயரும் சட்டியும் போச்சு, அரிசி போகலையே! எங்கள் தெரு ராமென் (நூடுல்ஸ் சூப்) கடையில் எட்டு நாற்காலிதான், சமையல் கண்ணெதிரே நடக்கும். எண்ணெய் புகைந்ததும் முட்டை. அது பாதி வேகும்போதே ஆவி பறக்கும் சோறு. உருண்டைக் கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திப் பிரிப்பார். பிறகு பொடியாக நறுக்கிய சாஷூ பன்றிக்கறி, வெங்காயத்தாள். சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றவே மாட்டார், சட்டி விளிம்பில் விடுவார். சுர்ரென்று கருகும் அந்த மணம்தான் சாஹன். கடைசியில் கரண்டியில் அழுத்தித் தட்டில் கவிழ்த்தால் குட்டிக் குன்று. பக்கத்தில் சிவப்பு இஞ்சி ஊறுகாய், ஒரு கிண்ணி சூப்.

ஜெர்சிக்காரி:
எங்க ஊர்ல ஹிபாச்சிங்கற ஜப்பான் சாப்பாட்டுக் கடையில வெண்ணெய், பூண்டு போட்டுக் கல்லுல பெரட்டுவாங்களே, அதானே ஜப்பான் ஃப்ரைட் ரைஸ்?

ஒசாகாவாசி:
அது அமெரிக்கா வளர்த்த பிள்ளை அம்மா. 1964ல் நியூயார்க்கில் ராக்கி அவோகி பெனிஹானா உணவகத்தைத் திறந்த பிறகு பரவியது. கல்லில் சுடும் தெப்பன்யாக்கி மட்டும் கோபேக்காரர்களுடையது. இங்கே அந்தக் கடைகளில் ஸ்டேக் முடிந்தபின் பூண்டுச் சோறு தருவார்கள். அதை யாரும் சாஹன் என்பதில்லை.

பொடிமாஸ்:
ஒசாகாவுல இருந்துக்கிட்டு சாஹன்னு சொல்றீங்க? அங்க அதுக்குப் பேரு யாக்கிமேஷி இல்லையா?

ஒசாகாவாசி:
மாட்டிக்கொண்டேன். வீட்டில் யாக்கிமேஷிதான். ராமென் கடைப் பலகையில் சாஹன்.

மதுரைச்சட்டி:
கடைக்காரருக்கு ராக்கெட் மாதிரி அடுப்பு. என் வீட்டு கேஸுல சுடுசோத்தப் போட்டா சட்டி சூடு எறங்கி வேர்த்துப்போகுது. நேத்தும் பாத்தேன்.

ஒசாகாவாசி:
எவ்வளவு சோறு போட்டீர்கள்?

மதுரைச்சட்டி:
நாலு பேருக்கு.

ஒசாகாவாசி:
ஒரு ஈடுக்கு ஒரு ஆள் சோறு. அந்தக் கடைக்காரரே ரெண்டு தட்டுக்கு மேல் போடமாட்டார். பழையதுதான் இருக்கிறது என்றால் மைக்ரோவேவில் சுட வைத்துப் போடுங்கள்.

மதுரைச்சட்டி:
அப்ப பழைய சோறும் ஆகும்ல! அதத்தான் நானும் மொதல்லேர்ந்து சொல்றேன்.

ஜெர்சிக்காரி:
நான் வெண்ணெய் போட்டுக்கறேன்பா.