இடுப்பு வலி: கத்தி வைக்காமல் சமாளித்தவர்கள் வாங்க (கடலூர் – பாண்டி)

திருப்பாப்புலியூர்க்காரி
எங்க வீட்டுக்காரர் கடலூர்–பாண்டி ரூட்ல பஸ் ஓட்டறார். இடுப்பு வலி வந்து மாசக்கணக்குல ஆகுது. எம்.ஆர்.ஐ எடுத்தாச்சு, எல்4-எல்5ல, அதாவது இடுப்புப் பக்க முதுகெலும்புல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல, ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். எலும்பு டாக்டர் ஆபரேஷன்லாம் தேவையில்லனுட்டார். சந்தோஷம்தான். ஆனா அதுக்குப் பதிலா என்னன்னா மாத்திரை, பெல்ட், கொஞ்ச நாள் பிசியோகிட்ட மெஷின்ல கரண்ட் வைக்கறது. மாத்திரையை நிறுத்துனா பழைய குருடி கதவைத் திறடி. ஆபரேஷன் இல்லாம தேறினவங்க, தேறாதவங்க ரெண்டு பேரும் எழுதுங்க. தைலம் விக்கறவங்க தயவுசெஞ்சு வேணாம்.

லாஸ்பேட்டை ரிட்டையர்டு
முதல்ல அந்த ரிப்போர்ட்டை பீரோவுல வெச்சுப் பூட்டுங்கம்மா. ஒரு வலியும் இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2015ல ஒரு கட்டுரை வந்துச்சு. 20 வயசுக்காரங்கள்லயே நூத்துக்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுக்கம், 80 வயசுல 84 பேருக்கு. ஜவ்வுத் தேய்மானம் அதே வயசுகள்ல நூத்துக்கு 37 பேர்லேர்ந்து 96 பேர் வரைக்கும் போகுது. இவங்க யாருக்கும் வலி கிடையாது. தலைமுடி நரைக்கிற மாதிரிதான் அது. பிதுக்கம் இருக்கறதாலேயே அதுதான் வலிக்குக் காரணம்னு முடிவு கட்டிட முடியாது.

எனக்கும் இதே எல்4-எல்5தான். வலியை விட பயம் பெரிசா இருந்துச்சு. குனிஞ்சா ஜவ்வு வெளியே வந்துடும்னு யாரோ சொல்லி, செருப்பு மாட்டவே வீட்ல ஆள் கூப்பிட்டுட்டு இருந்தேன். ஜிப்மர்ல ஒரு சின்ன வயசு டாக்டர் என்கிட்ட பேசிட்டே இருந்தப்ப பேனா கீழ விழுந்துச்சு. நான் சட்டுனு குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். "குனிய முடியாதுன்னு சொன்னீங்களே சார்?"னு சிரிச்சார். வேணும்னே போட்டாரான்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகம். அப்புறம் உக்கார வெச்சு, வலிக்குதுன்னா உள்ள ஏதோ ஒடையுதுன்னு அர்த்தம் இல்லைன்னு பொறுமையா சொன்னார். அன்னைக்கு அவர் மருந்துச் சீட்டே எழுதல. நான் பார்த்த வைத்தியத்துலயே பலன் குடுத்தது அதுதான்.

புதுநகர் பிசியோ
நான் கடலூர்ல பிசியோதெரபிஸ்ட். எங்க தொழிலைப் பத்தி நானே சொல்லிடறேன், அப்புறம் யாரும் கேக்க வேணாம்.

கதவைத் தொறந்ததும் "கரண்ட் வெச்சு விடுங்க மேடம்"னுதான் வருவாங்க. கரண்ட் வைக்கறது, அல்ட்ராசவுண்ட் வைத்தியம் (ஸ்கேன் இல்ல), இடுப்பை இழுக்கற டிராக்‌ஷன், பெல்ட்: நாள்பட்ட இடுப்பு வலிக்கு இதெல்லாம் வழக்கமாக் குடுக்க வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வெளியிட்ட வழிகாட்டியில இருக்கு. பலன் இருக்குன்னு சொல்லியிருக்கறது முறையான உடற்பயிற்சி, வலியைப் பத்திப் புரிய வைக்கறது, மனசுக்கான சிகிச்சை, மசாஜ், முதுகெலும்பைக் கையால அசைச்சு விடற வைத்தியம், அக்குபஞ்சர், தேவைக்கு வலி மாத்திரை. அதுலயும் எதுவுமே தனியா நின்னு மாயம் பண்ணாது.

அப்ப ஏன் எல்லா கிளினிக்லயும் மெஷின்? மெஷினை மாட்டி விட்டுட்டா ஒரே நேரத்துல நாலு பெட் ஓடும். பயிற்சி சொல்லிக் குடுக்க ஒருத்தருக்கே அரை மணி நேரம் கூட நிக்கணும். நோயாளியும் "இதை வீட்லயே செய்வேனே, இதுக்கா காசு?"ம்பாங்க. மெஷின் சூடு இதமா இருக்கும், நான் இல்லைங்கல. வீட்ல வெந்நீர்ப் பை ஒத்தடமும் அதைத்தான் செய்யும்.

பண்ருட்டிப் பக்கத்துலேர்ந்து முந்திரி உடைக்கற அம்மா ஒருத்தங்க வருவாங்க. தரையில ஒரு பக்கமா சாஞ்சு நாள் முழுக்க உக்காந்து வேலை. நான் குடுத்த பயிற்சித் தாளை மடிச்சு சுருக்குப் பையில வெச்சதோட சரி. அப்புறம்தான் கேட்டேன், நீங்க எதை விடாம செய்வீங்கன்னு. "சாயங்காலம் கொல்லைக்கு நடந்துட்டு வருவேன்"னாங்க. சரின்னு அந்த நடையையே கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, வேலைக்கு நடுநடுவே எழுந்து கையை இடுப்புல வெச்சுப் பின்னால சாயச் சொன்னேன். இப்ப வலி பாதிக்குப் பாதிதான் குறைஞ்சிருக்கு. ஆனா வேலைக்குப் போறாங்க, தூங்கறாங்க. யோகாவா, பிலேட்ஸா, நடையா, ஜிம்மான்னு கேட்டா, மத்ததை எல்லாம் அடிச்சுப் போடற பயிற்சின்னு ஒண்ணை இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. எதை விடாம செய்வீங்களோ அது நல்லது.

தேவனாம்பட்டினம் போட்டுக்காரன்
எங்க சித்தப்பா கதை வேற. வலையை இழுத்து இழுத்து இடுப்பு போச்சு. சுளுக்கு எடுக்கறவர்கிட்ட எண்ணெய் போட்டு வழிச்சு விடுவாங்க, அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குவார். அதுல தப்பு இல்ல. அப்புறம் யாரோ வெளியூர் ஆளுகிட்ட மூட்டு வலிக்குன்னு ஒரு பொடி வாங்கினாங்க. சாப்பிட்டு ரெண்டாம் நாளே எழுந்து ஓடறார், ஊரே வாங்கப் போச்சு. கொஞ்ச மாசத்துல முகம் உப்பி, சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். அதை சட்டுனும் நிறுத்தக்கூடாதாம், படிப்படியா குறைச்சாங்க. பேர் இல்லாத பொடி ரெண்டே நாள்ல கேட்டுதுன்னா சந்தேகப்படுங்க அக்கா.

வில்லியனூர் 27
எல்லார் இடுப்பு வலியும் ஒண்ணு இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். எனக்கு இருபதுகளோட ஆரம்பத்துல வந்துச்சு. டிஸ்க்னு ஒரு இடம், ஐ.டி. வேலைல உக்காந்தே இருக்கறதாலன்னு இன்னொரு இடம். படுத்து ரெஸ்ட் எடுன்னாங்க. படுத்தாத்தான் எனக்கு மோசம்! விடிகாலைல வலி எழுப்பி விடும். எழுந்தா கட்டை மாதிரி உடம்பு, ஒரு மணி நேரம் நடமாடினாத்தான் இளகும். இடையில ஒரு கண்ணு சிவந்து வலிச்சது, அதுக்கு ஒரு சொட்டு மருந்து. ரெண்டையும் யாரும் முடிச்சுப் போடல.

கடைசியில ஜிப்மர் கிளினிக்கல் இம்யூனாலஜி பிரிவுல, ஹெச்.எல்.ஏ. பி27ங்கற மரபணு இருக்கான்னு ரத்தப் பரிசோதனை, இடுப்பெலும்பு மூட்டுக்குத் தனியா எம்.ஆர்.ஐ. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு பேர் தெரிஞ்சுது. இது நோய் எதிர்ப்பு சக்தி நம்ம மூட்டையே தாக்கற அழற்சி. கண்ணு சிவக்கறதும் இதோட சேர்ந்து வரக்கூடியதுதான். இதுக்கும் கத்தி கிடையாது. அழற்சி மாத்திரை, அதுல அடங்கலைன்னா எதிர்ப்பு சக்தியோட வேகத்தை அடக்கற பயலாஜிக் ஊசி, கூடவே தினமும் பயிற்சி. 45 வயசுக்குள்ள ஆரம்பிச்சு, ஓய்வெடுத்தா கூடி, நடந்தா குறையற வலியா இருந்தா எலும்பு டாக்டரோட நிக்காதீங்க, மூட்டு அழற்சி பார்க்கற டாக்டரையும் (ருமட்டாலஜிஸ்ட்) பாருங்க.

நெல்லிக்குப்பம் எதிர்க்கட்சி
பயிற்சி பயிற்சின்னு பாடறீங்க. எனக்கு இடுப்புலேர்ந்து கால் கட்டை விரல் வரைக்கும் மின்னல் மாதிரி இழுத்துச்சு. நிக்கவே முடியாதவனை எங்க நடக்கச் சொல்றது? முதுகுத் தண்டுப் பக்கத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கிட்டேன். சில வாரம் தாங்குச்சு. அந்த இடைவெளியில நடக்க ஆரம்பிச்சேன். ஊசியோட வேகம் போன பிறகும் பழைய அளவுக்கு வலி திரும்பல.

புதுநகர் பிசியோ
@நெல்லிக்குப்பம், நீங்க சொல்றதை மறுக்கல. நரம்பு அழுத்தத்தால காலுக்கு இறங்கற வலிக்குத்தான் அந்த ஊசி கொஞ்ச காலம் கேக்கும். காலுக்குப் போகாத வெறும் இடுப்பு வலிக்கு அதைப் போட்டுப் பெரிசா பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, பிதுங்கின ஜவ்வு நிறையப் பேருக்குத் தானாவே சுருங்கிடும். ஊசியா காலமான்னு கேட்டா, ரெண்டுக்கும் பங்கு உண்டு.

ஆனா சிலதுல காத்திருக்கவே கூடாது. மூத்திரம் வராம நிக்கறது அல்லது தெரியாம போறது, மலம் கட்டுப்படாம போறது, உக்காரற இடம் மரத்துப் போறது, கால் சட்டுனு பலம் இழக்கறது: இதுல எதுனாலும் ராத்திரி ரெண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடணும். அங்க ஆபரேஷன்தான் காலைக் காப்பாத்தும். சாயங்கால ஜுரம், எடை குறையறது, ராத்திரி வலின்னா நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபியை நினைக்கணும். முன்ன கேன்சர் இருந்தவங்களும் தள்ளிப் போடக் கூடாது.

லாஸ்பேட்டை ரிட்டையர்டு
நடையைப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். இடுப்பு வலி வந்து சரியான 701 பேரை வெச்சு ஆஸ்திரேலியாவுல ஒரு ஆய்வு பண்ணி 2024ல வெளியிட்டாங்க. படிப்படியா நடையைக் கூட்டினவங்களுக்கு மறுபடி வலி வர சராசரியா 208 நாள் ஆச்சு, அந்தத் திட்டத்துல சேராதவங்களுக்கு 112. வரவே வராதுன்னு யாரும் சொல்லல, பாருங்க. நான் சாயங்காலம் பாண்டி பீச் ரோட்டுல வண்டிப் போக்குவரத்தை நிறுத்தின பிறகு காந்தி சிலையிலேர்ந்து ரெண்டு பக்கமும் போய் வருவேன். சுண்டல் வாசனை மட்டும்தான் சோதனை.

திருப்பாப்புலியூர்க்காரி
எல்லாருக்கும் நன்றி. படிச்சுக் காட்டினேன், "பெல்ட்டை வித்துடலாமா"ங்கறார். மேடம், டூட்டியில உக்காந்தே இருக்கறவருக்கு என்ன சொல்றது? வலி மாத்திரை தினமும் போடறார், பி.பி. வேற இருக்கு. சில்வர் பீச் மணல்ல நடக்கலாமா? அப்புறம் எங்க மாமியாருக்கும் இடுப்புதான், அவங்களால கிளினிக் வர முடியாது.

புதுநகர் பிசியோ
அக்கா, மணல் ஆரம்பத்துல வேணாம், கால் புதையும். முன்னால இருக்கற தார் ரோடே போதும். வண்டி ஸ்டாண்டுல நிக்கற ஒவ்வொரு தடவையும் இறங்கி ஒரு சுத்து நடந்துட்டு, பின்னால ரெண்டு தடவை சாஞ்சுட்டு ஏறச் சொல்லுங்க. சீட்டை முன்னால தள்ளி, கிளட்ச்சை எட்டி மிதிக்காத மாதிரி வெச்சுக்கணும். பெல்ட்டை ரொம்ப வலிக்கற நாள்ல மட்டும் போடலாம், நாள் பூரா வேணாம்.

பி.பி. இருக்கறவர் அந்த மாத்திரையை தினமும் போடறது நல்லதில்ல. பி.பி. ஏறும், கிட்னியையும் வயித்தையும் பாதிக்கும். பி.பி. பார்க்கற டாக்டர்கிட்ட சீட்டோட போகச் சொல்லுங்க, இந்த வாரமே.

மாமியாருக்கு தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கு. 2021லேர்ந்து நடக்குது, வெளியே வர முடியாதவங்களுக்கு வீட்டுக்கே பிசியோ வருவாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க. பாண்டி எல்லையைத் தாண்டி இருக்கறவங்களுக்கு இது கிடையாது, அவங்க அங்க விசாரிக்கணும்.