சிலிகான் மார்பகப் பையும் தீராத அசதியும்: அகற்றுவதுதான் வழியா?

சுங்கை சிப்புட் தங்கை:
புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்த என் அக்காவுக்கு, பின்னர் அந்த இடத்தில் சிலிகான் பை பொருத்தப்பட்டது. தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்த அவருக்கு இப்போது விடியும்போதே அசதி, மூட்டு வலி, முடி உதிர்வு, பேச்சின் நடுவில் நினைவு தடுமாறுதல். இரத்தப் பரிசோதனையில் குறை தெரியாததால் மனக்கவலை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பைதான் காரணம். அதை எடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

முன்னாள் தோட்ட டிரசர்:
அம்மா, தோட்ட மருத்துவ உதவியாளனாக இருந்தவன் நான்; அக்காவின் வலியை ஐயுறவில்லை. காரணத்தை நீங்கள் முடிவு செய்துவிட்டதைத்தான் மறுக்கிறேன். 1992-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவ்வகைப் பைகளின் பயன்பாட்டைப் பெரிதும் கட்டுப்படுத்தியது; வழக்குகள் குவிந்ததில், பைகளைத் தயாரித்த டவ் கார்னிங் நிறுவனம் 1995-இல் திவால் மனு கொடுத்தது. அவ்வளவு நடந்த பிறகும், 1999-இல் அந்நாட்டு மருத்துவ அறிஞர் குழு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உடல் முழுவதையும் தாக்கும் நோய்களைச் சிலிகான் உண்டாக்குவதற்குச் சான்றில்லை என்றும், பை கிழிவதும் சுற்றியுள்ள தழும்புத் திசு இறுகுவதுமே முதன்மையான கேடுகள் என்றும் அறிவித்தது. அக்கா லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரை எதையாவது உட்கொள்கிறாரா? புற்றுநோய்க்குப் பின் கொடுக்கப்படும் அவற்றாலும் மூட்டு வலி வரும். தைராய்டையும் பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட் தங்கை:
டிரசர் ஐயா, 1999-உடன் இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. நீங்கள் சொன்ன அதே நிர்வாகம், 2021 அக்டோபரில், இந்தப் பைகளுக்குக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. மூட்டு வலி, நீங்காத களைப்பு, குழப்பம் ஆகியவற்றைப் பெண்கள் தெரிவித்திருப்பதும், பையை அகற்றிய பின் சிலர் முற்றிலும் தேறியதாகச் சொல்வதும் அதில் இடம்பெறுகின்றன. 2019-இல், பை தயாரித்த இன்னொரு நிறுவனமான அலர்கன், சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றதும் இப்பொருளால்தானே?

முன்னாள் தோட்ட டிரசர்:
அது வேறு, அம்மா. அலர்கன் பைகள் திரும்பப் பெறப்பட்டது பையைச் சுற்றித் தோன்றும் அரிய நிணநீர்ப் புற்றுநோய்க்காக. அது பெரும்பாலும் மார்பு வீங்கி நீர் கோப்பதாகவே வெளிப்படும். அக்காவின் தொல்லையோடு அதைக் கலக்கக் கூடாது. பெண்கள் தெரிவித்தார்கள் என்பதும் காரணம் நிறுவப்பட்டது என்பதும் ஒன்றல்ல. பைதான் காரணம் என்று உறுதி செய்யும் பரிசோதனையும் இல்லை. பையை அகற்றும் மறு அறுவையில் இரத்தக்கட்டு, தொற்று ஆகியவற்றோடு நெஞ்சறைக்குள் காற்றுப் புகும் ஆபத்தும் உண்டு.

ஈப்போ தாதி:
இருவருக்கும் ஒன்று. அறுவையின்போது கொடுத்த அட்டையில் பையின் வகையும் வரிசை எண்ணும் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். பை வைத்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தால், வலி இல்லாவிட்டாலும், கிழிசல் உண்டா என்று அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட் தங்கை:
அட்டையையும் மாத்திரைப் பட்டியலையும் அறுவை மருத்துவரிடம் கொண்டுபோகிறோம். டிரசர் ஐயா சொன்னவை ஒவ்வொன்றையும் கேட்போம். அவற்றில் எதுவும் காரணமில்லை என்றான பிறகும் மனக்கவலை என்றே சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆபத்தை அறிந்தபின் எடுப்பதா வைப்பதா என்பதை அக்காவே சொல்லட்டும்.