பாலக்கோட்டு வீடு: நம் நாய் மணிக்கு வயிறு சரியில்லை

கலா சித்தி: காதுகுத்து முடிந்த மறுநாளிலிருந்து மணிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. விடிந்ததிலிருந்து நான்கு முறை ஆகிவிட்டது. கொட்டகை ஓரத்தைக் கழுவிக் கழுவி என் இடுப்பு விட்டுப்போயிற்று. பந்தி எலும்பை அள்ளி அதன் தட்டில் கொட்டியது யார்?

ராஜு மாமா: நான் இல்லை.

பெரியப்பா: யார் என்பதைப் பிறகு பார்க்கலாம். மனிதனோடு வாழ்ந்து பழகிய நாய், மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை ஓநாயைவிடக் கூடுதலாகப் பெற்றிருக்கிறது. ஆகவே நாம் அன்றாடம் ஊற்றும் ராகிக் கூழ் அதற்குப் பகை அன்று, ஒரே வேளையில் வயிறு முட்ட உள்ளே போன பிரியாணிக் கொழுப்பும் மசாலாவும்தான் குடலைக் கலக்கியிருக்கும். வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

செல்வி அக்கா: வெங்காயத்தைக் கிலோக் கணக்கில் கொட்டியவர் ராஜு மாமா பிடித்து வந்த சமையற்காரர்.

ராஜு மாமா: தாய்மாமன் சீரில்தான் குறை சொன்னீர்கள், இப்போது சமையலிலுமா?

கலா சித்தி: அண்ணா, பேச்சு மணியைப் பற்றியது. பால் ஊற்றினால் போதும் என்று பாட்டி சொல்கிறார்கள்.

பெரியப்பா: அம்மாவிடம் வேண்டாம் என்று சொல். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, போக்குதான் கூடும். ஒரு வேளை உணவை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வை. அதன்பின் தோல் நீக்கிய கோழியை உப்பும் எண்ணெயும் இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து, கைப்பிடி அளவாக நாளுக்கு நான்கு தடவை கொடு. தேறிய பிறகு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூழுக்குத் திருப்பலாம்.

முருகன்: வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பெரியப்பா: கூடவே கூடாது. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். போன தீபாவளிக்கு நீ பார்த்த வைத்தியத்தை நான் மறக்கவில்லை. கலா, பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பார்.

கலா சித்தி: பார்த்தேன். கூடாரம் போல் நின்று, மெதுவாகத்தான் படிகிறது. ஈறும் விரலில் ஒட்டுகிறது. இப்போது போனதில் இரத்தம் கலந்திருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் நான் சொன்ன பத்தியத்தை விட்டுவிடு. உடம்பில் நீர் வற்றிவிட்டது. கால்நடை மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். கார் யாரிடம் இருக்கிறது?

ராஜு மாமா: காரிமங்கலத்தில் இருக்கிறேன். மாலையில் வரலாம்.

செல்வி அக்கா: மாலை வரை தாங்குமா?

முருகன்: என்னிடம் பைக் இருக்கிறது. ஆனால் அது என்னைக் கடித்த நாய்.

கலா சித்தி: இப்போது அதற்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை. சாக்கை விரித்து வைத்திருக்கிறேன், யாராவது ஒருவர் கிளம்புங்கள்.