பெரிய மிருகத்தைக் காட்டிலேயே அறுக்க வின்ச்சும் (கயிற்றைச் சுற்றிப் பாரம் இழுக்கும் கருவி) கப்பியும் வேண்டுமா, நல்ல கத்தி போதுமா?

நெடுங்காடு:
போன பருவத்தில் அனுமதி வாங்கிப் போய் எல்க் என்கிற பெரிய மான் இனத்தில் ஓர் ஆணை எடுத்தேன். 300 கிலோவுக்குக் குறையாது. சரிவில் கால்களை மடக்கிக்கொண்டு விழுந்துவிட்டது. கூட யாரும் இல்லை. ஒரு பின்னங்காலை என் தோளால் முட்டி விரித்துப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டபடி வயிற்றைக் கீறிக் குடலை வெளியே இழுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. எனக்கு வயது 57.

அப்புறம்தான் கையால் சுற்றும் சின்ன வின்ச், மரத்தில் கட்டும் பட்டை, இரண்டு கப்பி, குதிநரம்பில் மாட்டித் தொங்கவிடும் குறுக்குச் சட்டம் எல்லாம் வாங்கினேன். அடுத்து கிடைத்த மானைத் தொங்கவிட்டு நின்றபடியே உரித்தேன். குடல் தன் கனத்திலேயே இறங்கியது. முதுகில் சின்ன வலிகூட இல்லை. 50 வயதைத் தாண்டியவர்கள் இவை இல்லாமல் பெரிய மிருகத்துக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து.

கூர்முனை:
அண்ணே, இடுப்பு சரியானதில் சந்தோஷம். ஆனால் உங்களுக்கு வலி வந்தது கருவி இல்லாததால் அல்ல, முறையால். எல்க், அதைவிடப் பெரிய மூஸ் மான் மாதிரி மிருகத்தைத் தூக்கவே வேண்டியதில்லை. வயிற்றை முழுக்கத் திறக்க வேண்டியதும் இல்லை.

விழுந்த இடத்தில் பக்கவாட்டில் கிடத்துங்கள். முதுகுத்தண்டு நெடுகத் தோலைக் கீறி வயிற்றுப் பக்கம் உரித்து இறக்குங்கள். முன்சப்பைக்கு எலும்பு மூட்டே கிடையாது, சதை மட்டும்தான் பிடித்திருக்கும். காலைத் தூக்கிப் பிடித்து அடியில் கத்தி ஓட்டினால் கழன்று வரும். தொடையை இடுப்பு மூட்டின் பந்தில் அறுத்துப் பிரிக்கலாம். பிறகு முதுகுச் சதை, கழுத்துக் கறி. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, வயிற்றை உள்ளே அழுத்திவிட்டு உள்முதுகுச் சதையை எடுக்கலாம். இந்தப் பக்கம் காலியானதும் புரட்டிப் போட்டு மறுபக்கம். ஈரல், இருதயம் வேண்டுமென்றால் எல்லாம் முடிந்தபின் திறந்துகொள்ளலாம்.

முதுகுத்தண்டையும் மூளையையும் தொடாமலே வேலை முடிகிறது. மான் இனத்தில் பரவும் நாட்பட்ட மெலிவு நோய் 1967-இல் கொலராடோவில் வளர்ப்பு மான்களிடம் முதலில் தெரிந்தது. அது இருக்கும் பகுதிகளில் தண்டுவடத்தை அறுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். வின்ச் எதற்கு?

நெடுங்காடு:
தம்பி, "புரட்டிப் போட்டு" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். ஒரு பக்கக் கறியை எடுத்த பிறகும் இரைப்பை, குடல், மறுபக்கம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும்? தனியாளாகச் சரிவில் புரட்டிப் பாருங்கள். ஒரு காலைப் பிடித்ததற்கே என் இடுப்பு போனது.

இன்னொன்று, சூடு. தோலும் அடர்ந்த மயிரும் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இரைப்பைக்குள் புளிப்பு நடந்துகொண்டே இருக்கும், வயிறு உப்பும். இரண்டாவது பக்கத்துக்கு வருவதற்குள் தரையோடு கிடந்த தொடையில், இடுப்பு மூட்டு எலும்போரம் கறி கெட ஆரம்பித்தால்?

கப்பிக்கயிறு:
கப்பியை நம்பி வாங்குகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 4:1 கப்பி என்றால் 200 கிலோவுக்கு 50 கிலோ இழுத்தால் போதும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் உராய்வு தின்றுவிடும். விலை மலிந்த சின்னச் சக்கரங்களில் 65, 70 கிலோ இழுக்க வேண்டிவரும். மிருகம் 1 மீட்டர் எழ 4 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். நடுவில் கை விட்டால் அப்படியே கீழே வரும், அதனால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை மட்டும் வாங்குங்கள். காய்ந்த கிளையில் கட்டவே கட்டாதீர்கள். முறுக்கேறிய கயிறோ கம்பியோ அறுந்தால் அது போகும் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

வண்டி பக்கத்தில் வருமென்றால் நான் நெடுங்காடு ஐயா பக்கம். 6 கிலோமீட்டர் நடந்து போகிற இடமென்றால் இல்லை.

தோள்மூட்டு:
நான் இயன்முறை சிகிச்சை செய்கிறவள், வேட்டைக்கும் போகிறவள். இரண்டு பேரும் அறுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அறுத்து முடித்த பிறகுதான் அடி விழுகிறது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பொருள் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல் தூக்கும் மிகச் சரியான நிலையிலேயே 23 கிலோவைத்தான் உச்சமாக வைக்கிறது. எலும்போடு இருக்கும் எல்க் தொடை அதைத் தாண்டும். மூஸ் தொடை இரண்டு மடங்கையும் தாண்டலாம். அதைத் தரையிலிருந்து, கை நீட்டி, உடம்பை முறுக்கித் தூக்குகிறோம். அங்கேயே எலும்பை நீக்கி இரண்டு பைகளாகப் பிரியுங்கள். சட்டம் அனுமதிக்கிறதா என்று முன்பே பாருங்கள், சில இடங்களில் ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் கறியோடு ஒட்டியிருக்க வேண்டும்.

குளிரில் பதற்றத்தோடு திடீரென்று பாரம் இழுப்பது இருதயத்துக்கும் ஆபத்து. நெஞ்சு இறுகினால் கறியை விட்டுவிட்டு உட்காருங்கள்.

கூர்முனை:
எலும்பு நீக்குவதை முழுக்க ஏற்கிறேன். கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பையில் 8 மீட்டர் மெல்லிய கயிறு, முட்டிக்கடியில் போட ஒரு மெத்தை, தலைவிளக்கு, நீளக் கையுறை. மேல்காலைக் கயிற்றால் பக்கத்து மரத்தில் இழுத்துக் கட்டிவிட்டால் தோளால் முட்ட வேண்டாமே. உங்கள் இடுப்பை அந்தக் கயிறே காப்பாற்றியிருக்கும் அண்ணே. புரட்டுவதும் அப்படித்தான். அடிப்பக்கக் கால் இரண்டிலும் கயிறு கட்டி, முதுகுக்கு மேலாகப் போட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் ஓரமாக நின்று இழுங்கள், மிருகத்துக்கு நேர் கீழே நிற்காமல்.

பிளேடு மாற்றும் மெல்லிய கத்திகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூட்டில் நெம்பினால் பிளேடு முறிந்து கறிக்குள் போய்விடும். இருட்டில் தேடுவதைவிட ஒரே கத்தியைத் தீட்டிக்கொள்வது மேல்.

நெடுங்காடு:
காலைக் கட்டும் யோசனை எனக்கு அன்று தோன்றவில்லை, உண்மை. அதைச் செய்து பார்க்கிறேன். ஆனால் சமதளத்தில், கட்ட மரமே இல்லாத புல்வெளியில் விழுந்தால் 8 மீட்டர் கயிறு என்ன செய்யும்? அங்கே மிருகத்தைத் தொங்கவிடும் உயரமான மூன்றுகால் தாங்கியும் வின்ச்சும்தான் எனக்குக் கை. வண்டி வரும் தூரத்தைத் தாண்டிச் சுடுவதை நான் விட்டுவிட்டேன்.

கூர்முனை:
புல்வெளியில் தரையில் ஆணி அடித்துக் கட்டியிருக்கிறேன், ஈர மண்ணில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதற்கு வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.