அம்மாவைப் பற்றிய கவிதையில் இந்த வரி இருக்கலாமா?

கல்லிடைக்காரி:

அம்மா தவறிய பிறகு எழுதிய கவிதை இது. ஊர் கல்லிடைக்குறிச்சி, இப்போது ஓசூரில் இருக்கிறேன். அம்மா அப்பளம் இட்டுத்தான் எங்களை வளர்த்தாள். கடையில் மாவு வாங்கி வந்து, இட்டு, காயவைத்துக் கொடுத்தால் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி.

விடியுமுன் மாவு இடிப்பாய்
பிரண்டைச் சாறு பட்டு விரல் அரிக்கும்
தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாய்
முற்றத்துப் பாயில் அப்பளம் காயும்
காக்கை விரட்ட என்னை உட்காரவைப்பாய்
பள்ளிக்கூட மணி கேட்டும் அனுப்பமாட்டாய்
அம்மா, நீ தாமிரபரணி
வற்றாத கருணை
உன் கரையில் தவிக்கும் மணல் நான்

பள்ளிக்கூட மணி வரி பற்றித்தான் கேள்வி. தம்பிக்கு அனுப்பினேன். "செத்துப்போனவளைக் குறை சொல்லி எழுதணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். அதை எடுத்துவிட்டால் கவிதை தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் அந்த வரிக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். என்ன செய்யட்டும்?

பாளை வாத்தியார்:

தங்கச்சி, அந்த வரியைத் தொடாதீர்கள். எடுக்க வேண்டியது கடைசி மூன்று வரிகளை. முதல் ஆறு வரியில் ஒரு பெண் இருக்கிறாள். விரல் அரிக்கிறது, எண்ணெய் தடவுகிறாள், பிள்ளையைக் காவலுக்கு வைக்கிறாள். ஏழாவது வரியில் அவளைக் காணோம், ஆறு வந்துவிட்டது. அந்த மூன்று வரியை யாருடைய அம்மாவுக்கும் ஒட்டவைக்கலாம். உங்கள் அம்மா துணி துவைத்தது ஆற்றிலா கன்னடியன் கால்வாயிலா என்று எழுதினால்கூட இதைவிட அதிகம் தெரியும்.

புறநானூற்றில் 112ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாரியின் பெண்கள் பாடியது, ஐந்தே அடி. அந்த மாத நிலவில் அப்பா இருந்தார், மலை எங்களுடையது. இந்த மாத நிலவில் மலையை வேந்தர்கள் கொண்டுபோனார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம் என்று ஒரு சொல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பாட்டுக்கு வரிக்கு வரி உரை சொல்லியிருக்கிறேன், இதன் கடைசி அடிக்கு மட்டும் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

நம்ம பக்கத்து ஆட்களையும் வாசியுங்கள். கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி என்று எழுதுகிறவர் நெல்லைக்காரர்தான். 2016இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். கலாப்ரியாவும் இந்த ஊர்தான். வீட்டையும் தெருவையும் பூசி மெழுகாமல் எப்படி எழுதுவது என்று இரண்டு பேரிடமும் பார்க்கலாம்.

திசையன்விளை மதினி:

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. ஆனால் அழுகையே இல்லாமல் எழுதினால்தான் உசத்தி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் இழவு வீட்டில் ஆச்சிமார் ஒப்பாரி சொல்லி நான் கேட்டு வளர்ந்தவள். "என்னைப் பெத்த அம்மா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அதில் பாசம் மட்டுமா இருக்கும்? சீர் செய்யாத அண்ணன், கொடுமைக்கார மாமியார், தனியாக விட்டுப்போன செத்தவள்மேலேயே கோபம், எல்லாம் வரும். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு முன்னால் சொல்வார்கள். யாரும் குறை என்று நினைப்பதில்லை. அதனால் அந்த வரிக்காக நீங்கள் கூச வேண்டியதே இல்லை.

ஆனால் மணியோடு கவிதையை முடித்தால் தாயார் பிள்ளையைப் படிக்கவிடாதவளாகவே நின்றுபோவாள். ஏன் அனுப்பவில்லை? காக்கை கொத்தினால் என்ன ஆகும்? அது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அதை எழுதுங்கள். "அம்மா" என்று கூப்பிடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்ரீவைகுண்டம்:

ஆறு வேண்டாம் என்பதற்கு என் பக்கம் ஒரு காரணம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஜனங்களோடு மாட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் தாமிரபரணியைக் கருணை என்று யார் எழுதினாலும் என்னால் சும்மா வாசித்துப்போக முடியவில்லை. அக்கா, உங்களைச் சொல்லவில்லை. அந்த ஆற்றை எழுதினால் முழுசாக எழுத வேண்டும், அதற்கு இந்தக் கவிதையில் இடமில்லை.

கல்லிடைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. மதினி கேட்ட கேள்விதான் ராத்திரி தூங்கவிடவில்லை. ஆற்றை எடுத்துவிட்டேன். மணிக்குப் பிறகு இப்போது இப்படி இருக்கிறது:

பள்ளிக்கூட மணி கேட்டும் அனுப்பமாட்டாய்
காக்கை கொத்தியதற்குக் கூலி கிடையாது
அம்மா, அதை எனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம்

வாத்தியார் அண்ணாச்சி கடைசி வரியையும் எடுக்கச் சொல்வார் என்று தெரியும். எனக்கு அது வேண்டும். வளர்ந்த பிறகு எங்கள் அத்தை சொல்லித்தான் கூலிக் கணக்கே எனக்குத் தெரியவந்தது. தம்பிக்கு இன்னும் அனுப்பவில்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறான், நானும் போகிறேன். நேரில் வாசித்துக் காட்டுகிறேன். காய்ந்த அப்பளத்தை எண்ணிக் கட்டிக் கடைக்குச் சுமந்துபோனது அவன்தான். கொத்துப்பட்டதைக் கடையில் என்ன செய்தார்கள், திருப்பிக் கொடுத்தார்களா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும்.